ஒரு மீட்டருக்கு ஒரு கோடி கிலோமீட்டர்

எங்கள் ஆய்வகச் சுவரில் சூரியக் குடும்பத்தின் படம் ஒன்று தொங்குகிறது. இடது ஓரத்தில் சூரியன் பாதி முகம் காட்டும். அதையடுத்து எட்டுக் கோள்களும், குடும்பம் என்ற பெயருக்கு ஏற்றபடி புகைப்படத்துக்கு நிற்பவர்களைப் போல, தோளோடு தோள் ஒட்டி நிற்கும். சனியின் வளையம் யுரேனஸின் விலாவில் இடிக்காத குறைதான். பதினெட்டு ஆண்டுகளாக அந்தப் படத்தைக் காட்டித்தான் பாடம் நடத்தி வந்தேன். அதில் ஒரு குறை இருப்பதாக ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை.

சென்ற ஆண்டு ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி கை தூக்கினாள். அதிகம் பேசாத பெண். "டீச்சர், நேற்று இரவு அண்ணன் எனக்கு வியாழனைக் காட்டினான். வெறும் புள்ளியாகத்தான் தெரிந்தது. இந்தப் படத்தில் அது செவ்வாய்க்கு அடுத்த வீட்டில், இவ்வளவு பெரிதாக இருக்கிறதே?"

"அது வெகு தூரத்தில் இருக்கிறதம்மா."

"எவ்வளவு தூரம், டீச்சர்?"

"சூரியனிலிருந்து 77 கோடியே 80 லட்சம் கிலோமீட்டர்."

உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அவள் முகத்தில் எதுவும் விளங்கிய குறி இல்லை. எண்ணைச் சொன்னேனே ஒழிய தூரத்தைச் சொல்லவில்லை என்பது எனக்கே உறைத்தது. அந்த எண்ணை ஒப்பிக்கிற எனக்கு மட்டும் என்ன விளங்கியிருந்தது?

அன்று மாலை கால்குலேட்டரும் காகிதமுமாக உட்கார்ந்தேன். புத்தகப் பக்கத்தின் அகலம் 20 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஓரத்தில் சூரியன், மறு ஓரத்தில் நெப்டியூன். இடையில் உள்ள தூரங்களை ஒழுங்காக வரைந்தால் பூமி சூரியனிலிருந்து முக்கால் சென்டிமீட்டர்கூடத் தள்ளி இருக்காது. சூரியனே ஒரு தலைமுடியின் தடிமனுக்குச் சுருங்கிவிடும். பூமியைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும். ஆக, படம் வரைகிறவர் முன்னால் இரண்டே வழிகள்: கோளின் அளவில் ஏமாற்ற வேண்டும், அல்லது தூரத்தில் ஏமாற்ற வேண்டும். எங்கள் சுவர்ப்படம் இரண்டிலும் ஏமாற்றியிருந்தது. வரைந்தவரைக் குறை சொல்லி என்ன பயன்? காகிதம் போதாது, அவ்வளவுதான். மைதானம் வேண்டும்.

பல அளவுகளைப் போட்டுப் பார்த்தேன். எல்லாவற்றிலும் தசமப் புள்ளிகள் வந்து தொல்லை செய்தன. கடைசியில் 1 மீட்டர் என்பது 1 கோடி கிலோமீட்டர் என்று எடுத்தவுடன் எல்லாம் தானாக வந்து உட்கார்ந்தது. மீட்டர் என்றால் கோடி. சென்டிமீட்டர் என்றால் லட்சம். மில்லிமீட்டர் என்றால் பத்தாயிரம். நாம் எண்ணுகிற லட்சத்துக்கும் கோடிக்கும் அளந்து தைத்தது போன்ற அளவு இது. மில்லியனில் எண்ணுகிறவர்களுக்கு இந்தச் சுகம் இல்லை. சூரியனின் விட்டம் சுமார் 14 லட்சம் கிலோமீட்டர். ஆகவே 14 சென்டிமீட்டர். பூமி 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. ஆகவே 15 மீட்டர். பூமியின் விட்டம் 12,742 கிலோமீட்டர். ஒன்றேகால் மில்லிமீட்டர், பேனாவால் அழுத்தி வைத்த ஒரு புள்ளி.

மறுநாள் மஞ்சள் அட்டையை 14 சென்டிமீட்டருக்கு வட்டமாக வெட்டி, மைதானத்தின் ஒரு முனையில் கம்பில் குத்தி நட்டோம். அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினோம்.

புதன் 5.8 மீட்டரில். அரை மில்லிமீட்டர் புள்ளி. வெள்ளி 10.8 மீட்டரில். "எது அதிகச் சூடு?" என்று கேட்டேன். எல்லாரும் புதன் பக்கம் கை நீட்டினார்கள். புதனில் பகல் 430 டிகிரி செல்சியஸ், இரவு மைனஸ் 180. போர்த்திக்கொள்ளக் காற்று மண்டலம் என்று சொல்லும்படி ஒன்றும் அதற்கு இல்லை. வெள்ளியோ கார்பன் டைஆக்சைடு கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இரவு பகல் வேறுபாடே இல்லாமல் 460 டிகிரிக்கு மேல் வெந்துகொண்டிருக்கிறது. அதன் நாள் கணக்கும் விசித்திரமானது. சூரியனைச் சுற்றிவர 225 நாள். தன்னைத்தானே ஒரு முறை சுற்ற 243 நாள், அதுவும் எதிர்த்திசையில்.

15 மீட்டரில் பூமி. வெள்ளை அட்டையில் ஒரு நீலப் புள்ளி. அதிலிருந்து 3.8 சென்டிமீட்டரில், ஊசி முனை குத்திய மாதிரி, நிலா. 1969 ஜூலையிலிருந்து 1972 டிசம்பர் வரை 12 பேர் அங்கே நடந்திருக்கிறார்கள். இத்தனை பெரிய மைதானத்தில் மனிதக் கால் பட்ட இன்னொரு உலகம் அந்த ஊசிக்குத்து ஒன்றுதான். இரண்டு விரலை அகல விரித்தால் பூமியும் நிலாவும் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும்.

இங்கே நான் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பூமியின் பாதையைக் கரும்பலகையில் வரையும்போது பல ஆண்டுகள் நான் நீண்ட முட்டை வடிவம் போட்டேன். நீள்வட்டம் என்று சொல்லிவிட்டு வட்டம் போட்டால் நன்றாக இருக்காதே என்ற எண்ணம். அதைப் பார்த்த பிள்ளைகள், சூரியனுக்கு அருகில் போனால் கோடை, தள்ளிப் போனால் குளிர்காலம் என்று தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். தேர்வுத் தாளில் அப்படி எழுதியதற்குச் சிவப்பு மையால் குறுக்குக் கோடு போட்டவளும் நானே. உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில். மிகத் தள்ளிப் போவது ஜூலை முதல் வாரத்தில். ஜனவரி என்பது பூமியின் வடபாதிக்குக் குளிர்காலம். எங்கள் மைதானத்தில் இந்த இரண்டு இடங்களையும் குறித்தோம். ஒன்று 14.7 மீட்டர், மற்றது 15.2 மீட்டர். அரை மீட்டர்தான் வேறுபாடு. ஒரு பையன் ஒரு குறியிலிருந்து மற்றதற்கு ஒரே எட்டில் போய்விட்டு, "இதற்கா கோடை வரும்?" என்று கேட்டான். கோடை வருவது பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால். எந்தப் பாதி சூரியன் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அங்கே வெயில் நிமிர்ந்து விழுகிறது, பகலும் நீள்கிறது. டார்ச் விளக்கைச் சுவரில் நேராகவும் சாய்த்தும் அடித்துப் பார்த்தால், சாய்த்து அடிக்கும்போது வெளிச்ச வட்டம் அகன்று மங்குவது தெரியும். அதை ஆய்வகத்தில் ஏற்கனவே செய்து காட்டியிருந்தேன். ஆனால் அந்த முட்டையை அவர்கள் தலையிலிருந்து அழித்தது டார்ச் அல்ல, பையனின் அந்த ஒரு எட்டு.

பூமிப் புள்ளிக்கு அருகில் நின்று எல்லாரையும் மஞ்சள் அட்டையைப் பார்க்கச் சொன்னேன். வானத்துச் சூரியன் நமக்கு எவ்வளவு அகலமாகத் தெரிகிறதோ, சரியாக அதே அளவுக்கு அந்த அட்டை தெரியும். அளவையும் தூரத்தையும் ஒரே விகிதத்தில் குறைத்திருக்கிறோம் அல்லவா? கண்ணுக்குத் தெரிகிற தோற்றம் மாறாது. (இதைச் சொன்னதும் இரண்டு பேர் ஒப்பிட்டுப் பார்க்கத் தலையை நிமிர்த்தினார்கள். ஓர் அதட்டல் போட வேண்டியிருந்தது. சூரியனை வெறும் கண்ணால் நேராகப் பார்க்கவே கூடாது. கணக்கை நம்பினால் போதும்.)

செவ்வாய் 22.8 மீட்டரில். அதற்குப் பிறகு நாடா நீண்டுகொண்டே போனது. "சிறுகோள்கள் எங்கே?" என்று கேட்டார்கள். திரையில் விண்கலங்கள் பாறைகளுக்கு இடையே வளைந்து நெளிந்து தப்புவதைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே பட்டையாகப் பரவியிருக்கிற சிறுகோள்களிலேயே பெரியதான சீரிஸின் விட்டம் சுமார் 940 கிலோமீட்டர். நம் அளவில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. லட்சக்கணக்கில் இருந்தாலும் எல்லாவற்றையும் கூட்டிப் பிசைந்தால் நிலாவின் எடையில் நூற்றில் மூன்று பங்குதான் தேறும். அந்த வழியாகப் போன விண்கலங்கள் எதிலும் இடித்துக்கொள்ளாமல் போய்விட்டன.

77.8 மீட்டரில் ஒரு பையன் கையில் கோலிக்குண்டோடு நின்றான். அதுதான் வியாழன், 1.4 சென்டிமீட்டர். கேள்வி கேட்ட பெண்ணைப் பூமியில் நிறுத்தியிருந்தேன். இருவருக்கும் இடையே 63 மீட்டர். பூமியும் வியாழனும் மிக நெருங்கி வருகிற காலத்தில் ஏறக்குறைய இந்த இடைவெளிதான். (சூரியனுக்கு அந்தப் பக்கம் பூமி போய்விட்டால் இது 93 மீட்டராகும். கோள்கள் எப்போதும் ஒரே வரிசையில் நிற்கும் என்பதும் சுவர்ப்படம் சொன்ன பொய்தான். பூமி ஒரு சுற்று முடித்து வரும்போது வியாழன் தன் சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் கடந்திருக்கும்.)

"குண்டு தெரிகிறதா?" என்று கத்தினேன்.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "அவன் கையில் வைத்திருக்கிறானா இல்லையா என்றே தெரியவில்லை, டீச்சர்!" பிறகு கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். "புள்ளியாகத் தெரிந்ததே பெரிய விஷயம்" என்றாள்.

முந்தைய நாள் அவள் கேட்ட கேள்விக்கு அவளே சொல்லிக்கொண்ட பதில் இது. நான் சேர்த்தது ஒன்றே ஒன்று: இரவு வானம் கரிய வானம் என்பதால், வெயில் பட்ட அந்தச் சிறு குண்டு நம் கண்ணுக்குத் தப்பவில்லை.

எங்கள் மைதானத்தின் நீளம் 100 மீட்டர். சனிக்கு 143 மீட்டர் வேண்டும். அந்த முனையைத் தொட்டுத் திரும்பி 43 மீட்டர் வந்து ஒரு சட்டைப் பொத்தானை வைத்தோம். சனியின் வளையத்துக்குக் காகிதம் வெட்ட முயன்றோம். அகலம் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 2.8 சென்டிமீட்டர், அது முடிந்தது. தடிமன்தான் முடியவில்லை. உண்மை வளையம் பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டர் தடிமன்தான். அந்த விகிதத்துக்கு மெல்லிய காகிதம் எந்தக் கடையிலும் கிடைக்காது. யுரேனஸ் 287 மீட்டர், நெப்டியூன் 450 மீட்டர். இரண்டும் அரை சென்டிமீட்டர் மணிகள். மைதானத்தை நாலரை முறை அளந்து நடந்தபோது பாதிப் பேர் மர நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள். அதுவும் பாடம்தான் என்று விட்டுவிட்டேன்.

நிழலில் உட்கார்ந்தவர்களிடமிருந்து ஒரு நல்ல கேள்வி வந்தது. "மற்றதற்கெல்லாம் தமிழ்ப் பெயர் இருக்கும்போது கடைசி இரண்டுக்கு மட்டும் ஏன் இல்லை?" வாரத்தின் நாள்களை வரிசையாகச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி. விண்மீன்களுக்கு இடையே இடம் மாறிக்கொண்டே போவதாக வெறும் கண்ணால் காணக்கூடியவை இந்த ஏழுதான். ஏழும் நம் வாரத்தில் இருக்கின்றன. நிலாவுக்குத் திங்கள் என்று பெயர், மாதத்துக்கும் திங்கள் என்றே பெயர். முழு நிலாவிலிருந்து முழு நிலாவுக்கு 29½ நாள். யுரேனஸ் 1781 மார்ச் 13 அன்று வில்லியம் ஹெர்ஷலின் தொலைநோக்கியில் பட்ட கோள். நெப்டியூன் அதற்கும் பிந்தியது. யுரேனஸ் தன் பாதையில் கணக்குக்கு அடங்காமல் தடுமாறுவதைக் கண்டு, அதை இழுக்கிற ஒன்று எங்கே இருக்க வேண்டும் என்று பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே காகிதத்தில் கணக்கிட்டார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் யோஹான் காலே அந்த இடத்தில் தேடி, ஒரு டிகிரிக்குள்ளேயே கண்டுபிடித்தார். நெப்டியூனுக்கு ஒரு சுற்று 165 ஆண்டுகள். கண்டுபிடித்த பிறகு அதன் முதல் சுற்று முடிந்தது 2011இல்தான்.

ப்ளூட்டோவைப் பற்றிக் கேட்காமல் எந்த வகுப்பும் முடிவதில்லை. 1930இல் கோளாகி, 2006 ஆகஸ்டில் அந்தப் பட்டத்தை இழந்தது. அதற்காக வருந்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நான் வருந்தவில்லை. சீரிஸையும் 1801இல் கண்டுபிடித்தபோது கோள் என்றுதான் கொண்டாடினார்கள். பிறகு அதன் பக்கத்திலேயே ஒவ்வொன்றாக வேறு பலவும் அகப்பட்டதும் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அதற்காக இன்று யார் அழுகிறார்கள்? ப்ளூட்டோ நம் நிலாவைவிடச் சிறியது. நம் அளவில் கால் மில்லிமீட்டர், சராசரியாக 590 மீட்டரில். வைக்கவில்லை. கால் வலித்தது.

"இதற்கு அப்புறம்?" என்றாள் அந்தப் பெண். 1977 செப்டம்பரில் ஏவிய வாயேஜர் 1 விண்கலம் இப்போது 2,400 கோடி கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. நம் அளவில் சுமார் இரண்டரை கிலோமீட்டர். நொடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் இத்தனை ஆண்டுகள் ஓடியும் அவ்வளவுதான். அதற்கும் அப்புறம், அடுத்த விண்மீனான பிராக்சிமா செண்டாரி, 4,000 கிலோமீட்டரில். மீட்டர் இல்லை, கிலோமீட்டர்தான் என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

அன்றோடு முடித்திருப்பேன். வகுப்புக்குத் திரும்பும்போது அவள்தான், "ஒளி இந்த அளவில் எவ்வளவு வேகம், டீச்சர்?" என்றாள். நொடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர். சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம். வாயால் சொல்லும்போதே விடை வந்துவிட்டது: நொடிக்கு 3 சென்டிமீட்டர். அண்டத்திலேயே மிக வேகமானது எங்கள் மைதானத்தில் எறும்பைப் போல ஊர்கிறது.

அடுத்த வகுப்பில் அதைச் செய்து பார்த்தோம். 30 சென்டிமீட்டர் அடிக்கோலைப் பத்து நொடிக்கு ஒரு முறை புரட்டிப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கோல் அவள் கையில். நொடி எண்ண ஒருவன். மணி அடித்து வகுப்பு தொடங்கியதும் ஒரு பையன் மஞ்சள் அட்டையை மேல்சட்டையால் மூடி, "சூரியன் அணைந்துவிட்டது!" என்று அறிவித்தான். அவள் முதல் புரட்டுப் புரட்டினாள்.

முதல் ஒரு நிமிடம் எல்லாரும் சிரித்தார்கள். மூன்றேகால் நிமிடத்தில் புதன். ஆறு நிமிடத்தில் வெள்ளி. பூமியில் நின்றவன் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, "இங்கே நல்ல வெயில்! இங்கே நல்ல வெயில்!" என்று கத்திக்கொண்டே இருந்தான். ஐம்பதாவது புரட்டில் கோலின் முனை நீலப் புள்ளியைத் தொட்டது. 8 நிமிடம் 20 நொடி. அவன் "இருட்டு" என்றான். இந்த முறை கத்தவில்லை.

அதோடு நிறுத்தலாம் என்றேன். வியாழன் வரை போகலாம் என்றாள். சரி, போகட்டும் என்று விட்டு, நடந்துகொண்டே டென்மார்க் வானியலாளர் ஓலே ரோமரைப் பற்றிச் சொன்னேன். வியாழனின் அயோ என்ற நிலா 42½ மணி நேரத்துக்கு ஒரு முறை அதைச் சுற்றி வந்து அதன் நிழலுக்குள் மறையும். பூமி வியாழனை விட்டு விலகிப் போகிற மாதங்களில் அந்த மறைவு கணக்கைவிடத் தாமதமாகத் தெரிந்தது. நெருங்கி வருகிற மாதங்களில் முந்தித் தெரிந்தது. நிலா தாமதிக்கவில்லை, அதன் ஒளி நம்மிடம் வந்து சேரத்தான் நேரம் பிடிக்கிறது என்று 1676இல் ரோமர் சொன்னார். ஒளிக்கும் வேகம் உண்டு என்பதற்கு முதல் சான்று அந்தப் புள்ளியின் பக்கத்திலிருந்துதான் கிடைத்தது.

யாரும் சரியாகக் கேட்டதாகத் தெரியவில்லை. எல்லாருடைய கண்ணும் அடிக்கோலின் மீதே இருந்தது. 12 நிமிடம் 40 நொடியில் செவ்வாய் கடந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. மண், புல், கோல், "பத்து" என்ற குரல், மீண்டும் மண். முழங்காலில் தவழ்ந்து அவளுடைய பாவாடை முழுவதும் புழுதி. வேறு யாரிடமாவது கொடு என்றாலும் கொடுக்கவில்லை. 40 மீட்டர். 50 மீட்டர். 60 மீட்டர். கோலிக்குண்டுக்காரன் அங்கிருந்து கையசைத்தான்.

எங்கள் பாடவேளை 40 நிமிடம். கோலின் முனை 72 மீட்டரில் இருந்தபோது மணி அடித்துவிட்டது. வியாழனுக்கு இன்னும் ஆறு மீட்டர்கூட இல்லை. கணக்கு ஆசிரியர் வகுப்பறை வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றேகால் நிமிடம் வேண்டும் என்று கையால் சைகை காட்டினேன். அவருக்கு எப்படிப் புரிந்ததோ, தலையை ஆட்டிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். அவள் நிமிரவே இல்லை. நொடி எண்ணுகிறவன் "பத்து" என்றான், கோல் புரண்டது.